டாக்டர்... பையனைத் தனியா ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க!

இருமல், ஜுரம், வயித்து வலி, பைக்கிலிருந்து விழுந்து முழங்காலில் சிராய்ப்பு, ஸ்கூலில் கேட்கும் மெடிக்கல் சர்டிபிகேட்... பதினாலு, பதினஞ்சு வயசுப் பிள்ளைகள் டாக்டரிடம் வருவது பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒன்றுக்காகத்தான். 'எனக்குக் கஞ்சா பழக்கம் இருக்கு, காப்பாத்துங்க' என்று சொல்லிக்கொண்டு எந்தப் பையனும் ஓ.பி. சீட்டு வாங்குவதில்லை!

ஆனால், அதே பையன்தான் ஜுரத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அந்த நேரத்தில் ஒரு அஞ்சு நிமிஷம் சரியாகப் பயன்பட்டால் பெரிய சிக்கல் ஒன்று ஆரம்பத்திலேயே பிடிபடும். அந்த அஞ்சு நிமிஷத்தில் டாக்டர் என்ன கேட்பார், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

திண்டிவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை என்று நாலு பக்கமும் பஸ் பிரிகிற ஊர். விழுப்புரமோ பெரிய ரயில்வே ஜங்ஷன். செஞ்சி, மயிலம், மரக்காணம், வானூர், விக்கிரவாண்டி என்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காலையில் பஸ் ஏறிப் படிக்க வருகிற பிள்ளைகள் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள். அப்பா கட்டட வேலைக்காகச் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். அம்மா கழனி வேலைக்கோ மல்லாட்டை பிடுங்கவோ போயிருப்பார். நடுவில் பையன் எங்கே நின்றான், யாரோடு நின்றான் என்று பார்க்க ஆள் கிடையாது. இது அந்தத் தாய் தகப்பனின் தப்பு இல்லை, பிழைப்பு அப்படி.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் உயிர்களைப் பறித்தபோது மாவட்டமே அலறியது. விஷச் சாராயம் ஒரே ராத்திரியில் ஊருக்குத் தெரிந்துவிடும். கஞ்சா அப்படி இல்லை. சத்தமில்லாமல் மாசக்கணக்கில் வேலை செய்யும். 2021 டிசம்பரில் தமிழக போலீஸ் 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் தேடுதல் நடத்தியது. 2022 ஆகஸ்டில் பள்ளி, கல்லூரிகளில் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். நல்லதுதான்! ஆனால் விற்கிறவனைப் பிடிப்பது போலீஸ் வேலை. வாங்கிப் பிடித்த பையனைக் கண்டுபிடித்துக் கரையேற்றுவது டாக்டரும் வீடும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

எவ்வளவு பேர்?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், 10 முதல் 17 வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 0.9 பேர் கஞ்சா வகைப் பொருட்களைப் பயன்படுத்துவதாகத் தெரிந்தது. 'ப்பூ, ஒண்ணுகூட இல்லையே' என்று தோன்றலாம். நாடு முழுக்கக் கணக்குப் போட்டால் சுமார் 20 லட்சம் பிள்ளைகள்! பெரியவர்களில் இது 3.3 சதவிகிதம். அதாவது, உங்கள் பையனைச் சுற்றி இருக்கும் நூறு பையன்களில் தொண்ணூற்று ஒன்பது பேர் இதைத் தொடவில்லை. 'எல்லாரும்தான் பிடிக்கிறாங்க' என்று அவன் சொன்னால் அது பொய். இந்த ஒரு தகவலை டாக்டர் சொன்னாலே சில பையன்கள் யோசிப்பார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம். ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் மாதிரி முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பொருட்களில் மட்டும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் சதவிகிதம் அதிகம். பிள்ளைகளில் 1.17, பெரியவர்களில் 0.58. அதனால், கஞ்சாவைப் பற்றிக் கேட்கிற டாக்டர் இதையும் சேர்த்தே கேட்பது நல்லது.

உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது?

கஞ்சாவில் போதை தருகிற சத்துக்கு டி.எச்.சி. என்று பெயர். நம் மூளையே கிட்டத்தட்ட இதே மாதிரி வேலை செய்யும் ஒரு பொருளைத் துளித்துளியாகச் சுரந்துகொண்டிருக்கிறது. 1992-ல் ஜெருசலேமில் ஒரு ஆராய்ச்சிக் குழு அதைக் கண்டுபிடித்து, நம்ம 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்து 'ஆனந்தமைடு' என்று பெயர் சூட்டியது! பசி, தூக்கம், ஞாபகம், பயம் எல்லாவற்றையும் அளவாக வைத்துக்கொள்ள மூளைக்கு அது தேவை. கஞ்சாப் புகை போனால் அந்தத் துளி வேலை செய்யும் இடத்தில் குடம் குடமாகக் கொட்டின மாதிரி ஆகிவிடும். மூளை முழுசாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயசு ஆகிறது. திட்டம் போடுவது, ஆத்திரத்தை அடக்குவது, பின்விளைவை யோசிப்பது ஆகியவற்றைச் செய்யும் முன்மூளைதான் கடைசியாக வளர்கிறது. கட்டடத்துக்குக் கான்கிரீட் காய்வதற்கு முன்னாலேயே சென்ட்ரிங் பலகையைப் பிடுங்கினால் எப்படி?

பிடிக்கிறவர்களில் சுமாராகப் பத்தில் ஒருவர் இதற்கு அடிமையாகிறார். பதின்வயதிலேயே ஆரம்பித்தவர்களில் இது ஆறில் ஒருவர். 'கஞ்சாவுக்கு அடிமையாக முடியாது' என்று பையன்களிடம் ஒரு பேச்சு உலவுகிறது. அது வடிகட்டின பொய்.

ஸ்வீடன் நாட்டில் ராணுவத்துக்குச் சேர்க்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பின்தொடர்ந்த ஒரு ஆராய்ச்சி 1987-ல் வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் வந்தது, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு. உடனே பயந்து போகாதீர்கள். பிடிக்கிற எல்லாருக்கும் அந்த நோய் வராது, பெரும்பாலானோருக்கு வராது. ஆனால் குடும்பத்தில் தாத்தாவுக்கோ சித்தப்பாவுக்கோ மனநோய் இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு ஆபத்து கூடுதல். 'நம்ம குடும்பத்துல அப்படி யாரும் இல்லீங்க' என்று கௌரவத்துக்காக டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இன்னொரு உடனடி ஆபத்து, பைக்! போதையில் தூரமும் வேகமும் சரியாகத் தெரியாது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி வாழ்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த அஞ்சு நிமிஷம்

முதல் பிரச்னை, இடம். நம்ம ஊர் கிளினிக்கில் தனி ரூம் எங்கே இருக்கிறது? ஒரு ஸ்கிரீன் துணி, அதற்கு அந்தப் பக்கம் முப்பது பேர். கம்பவுண்டர் தலையை நீட்டி 'அடுத்தது யாரு?' என்பார். போதாக்குறைக்கு அம்மா, அப்பா, மாமா என்று மூணு பேர் பையனோடு உள்ளே வந்திருப்பார்கள். டாக்டர் பையனிடம் 'தலைவலி எப்ப ஆரம்பிச்சுது?' என்று கேட்டால் பதில் அம்மாவிடமிருந்துதான் வரும்! இந்தக் கூட்டத்தில் எந்தப் பையன் வாய் திறப்பான்?

அனுபவமுள்ள டாக்டர்களிடம் இதற்கு எளிய வழிகள் உண்டு. 'அம்மா, நீங்க போய் இந்த மருந்தை வாங்கிட்டு வந்து காட்டுங்க. நான் அதுக்குள்ள தம்பிக்கு பி.பி. பார்த்துடறேன்' என்பார்கள். வெயிட் பார்க்க ஓரமாக அழைத்துப் போவார்கள். இன்னும் நல்லது, வெளிப்படையாகவே சொல்லிவிடுவது: 'பன்னெண்டு வயசுக்கு மேல வர்ற எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் நான் கொஞ்ச நேரம் தனியாப் பேசுவேன். இது வழக்கம்தான்.' எல்லாரிடமும் என்று சொல்லும்போது 'என் பிள்ளையைச் சந்தேகப்படுறாரே' என்ற கோபம் பெற்றோருக்கு வராது. (பெண் பிள்ளையாக இருந்தால் நர்ஸ் ஒருவர் அருகில் இருக்கட்டும். பெண் பிள்ளைகளிடம் இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று நினைக்காதீர்கள், கேட்கத்தான் வேண்டும்.)

டாக்டர் தானாகச் செய்யவில்லையா? நீங்களே கேளுங்கள். 'டாக்டர், இவன்கிட்ட தனியா ஒரு அஞ்சு நிமிஷம் பேசறீங்களா?' என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே வந்துவிடுங்கள். கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுக்கக் கூடாது!

உள்ளே என்ன நடக்கும்? எடுத்த எடுப்பில் 'கஞ்சா அடிப்பியா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். அதனால் வீட்டிலிருந்து ஆரம்பித்துப் பள்ளிக்கூடம், சாப்பாடு, பொழுதுபோக்கு, அதற்குப் பிறகு போதை, மனசு, பாதுகாப்பு என்று வரிசையாகப் போவார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டர்கள் பின்பற்றுகிற வரிசை இது. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"வீட்ல யார் யார் இருக்கீங்க தம்பி?"

"அம்மா, பாட்டி, தங்கச்சி. அப்பா பெங்களூர்ல வேலை."

"ஸ்கூல் எப்படிப் போவுது?"

"ம்... போவுது சார்."

"ராத்திரி நல்லா தூக்கம் வருதா?"

"லேட்டாதான் வரும்."

"உன் செட்டுல யாராச்சும் சிகரெட், கூல் லிப், கஞ்சான்னு போடுறாங்களா?"

"ரெண்டு பேர் போடுவானுங்க சார்."

"உன்னையும் கூப்பிட்டிருப்பாங்களே?"

இந்த இடத்தில் பையன் தரையைப் பார்ப்பான். டாக்டர் அவசரப்படக் கூடாது. மௌனத்தை அவர் வேறொரு கேள்வியால் நிரப்பாமல் இருந்தால், பாதிப் பேர் தானாகவே பேசுவார்கள்.

கேட்பதற்கு முன்னாலேயே ஒரு உறுதி கொடுக்க வேண்டும். 'நீ சொல்றதை உங்கம்மாகிட்ட போய் ஒப்பிக்க மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராச்சும் உன்னைத் தப்பா தொட்டு இம்சை பண்றாங்கன்னாலோ நான் சும்மா இருக்க முடியாது.' இந்த மூன்றாவதற்குச் சட்டமே இருக்கிறது. 2012-ம் வருஷத்து போக்ஸோ சட்டப்படி, பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமையை அறிந்த எவரும், டாக்டர் உள்பட, தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு பையன் 'நான் கஞ்சா பிடித்தேன்' என்று சொன்னதற்காக டாக்டர் போலீசுக்கு ஃபோன் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பையன் 'ஆமாம்' என்றால் அடுத்து ஆறு விஷயங்களைக் கேட்பார்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் ஜான் நைட் 1999-ல் உருவாக்கிய முறை இது. அங்கே கார் பற்றிக் கேட்பதை நாம் பைக் என்று மாற்றிக்கொள்ளலாம். போதையில் இருந்தவன் ஓட்டின வண்டியில் போயிருக்கிறானா, மனசை லேசாக்கவோ நாலு பேரோடு ஒட்டிக்கொள்ளவோ பிடிக்கிறானா, தனியாக இருக்கும்போதும் பிடிக்கிறானா, பிடித்த சமயத்தில் செய்தது மறந்து போயிருக்கிறதா, 'குறைச்சுக்கடா' என்று வீட்டிலோ சிநேகிதனோ சொல்லியிருக்கிறார்களா, அதனால் வம்பில் மாட்டியிருக்கிறானா. இதில் இரண்டோ அதற்கு மேலோ 'ஆமாம்' வந்தால் விஷயம் வேடிக்கையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நம்மைக் கேட்டால் 'தனியாக இருக்கும்போதும்' என்பதற்கு விழும் 'ஆமாம்'தான் மற்ற ஐந்தையும்விடக் கவலை தருவது. கூட்டத்துக்காகப் பிடித்தவன் கூட்டம் மாறினால் விட்டுவிடலாம். தனியாகப் பிடிக்கிறவன் எதையோ மறக்கப் பிடிக்கிறான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாரிடமும் இப்படிக் கேட்பதால் நிச்சயப் பலன் உண்டா என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2020-ல் சொல்லியிருக்கிறது. அங்கேயே குழந்தை மருத்துவர்கள் சங்கம் கேளுங்கள் என்கிறது. நாம் கேட்கச் சொல்லும் கட்சி. ஊசி இல்லை, மருந்து இல்லை, ஸ்கேன் இல்லை. கூடுதல் செலவே இல்லாத பரிசோதனை இது ஒன்றுதான்!

பதிலுக்குத் தகுந்த பேச்சு

'தொட்டதே இல்லை' என்கிற பையனை 'சபாஷ்' என்று சொல்லி அனுப்ப வேண்டும். யாராவது நீட்டினால் எப்படி மறுப்பது என்று ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுக்கலாம். 'எனக்கு ஒத்துக்காதுடா, வாந்தி வரும்' என்ற சின்னச் சாக்கு, பெரிய லெக்சரைவிட நன்றாக வேலை செய்யும்.

ஒன்றிரண்டு தடவை பார்த்த பையனிடம், அவனுக்கு எது முக்கியமோ அதை வைத்துப் பேச வேண்டும். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓட ஆசைப்படுகிறவனிடம் மூச்சைப் பற்றி, ப்ளஸ் டூ மார்க்குக்குப் பயப்படுகிறவனிடம் ஞாபகசக்தியைப் பற்றி. 'கேன்சர் வரும், செத்துடுவே' என்று மிரட்டினால் எடுபடாது. பிடித்த சிநேகிதன் கண் முன்னால் கல்லு மாதிரி நடமாடுகிறானே!

சில பையன்கள் எதிர்வாதம் வைப்பார்கள். 'மூலிகைதானே சார்? திருவண்ணாமலையில சாமியாருங்க பிடிக்கலியா? சித்த மருந்துலகூட இருக்குதாமே?' எருக்கம்பாலும் ஊமத்தங்காயும்கூடச் செடியில் விளைவதுதான். சித்த மருத்துவத்தில் கஞ்சா இருப்பது நிஜம். அதைச் சுத்தி செய்து, மற்ற மருந்தோடு சேர்த்து, அளவு பார்த்து வைத்தியர் கொடுப்பது வேறு. புகையிலையோடு உருட்டி மேம்பாலத்துக்கு அடியில் இழுப்பது வேறு. 'வெளிநாட்டில் சட்டமே அனுமதிக்குது' என்பார்கள். கனடா 2018-ல் அனுமதித்தது. அங்கேகூட மாகாணத்தைப் பொறுத்து 18, 19, 21 வயசுக்குக் கீழே விற்கக் கூடாது. அனுமதித்த அமெரிக்க மாநிலங்களில் 21.

அடிக்கடி பிடிக்கிறவனை ஒரே நாளில் திருத்த முடியாது. டாக்டர் அவனோடு ஒரு ஒப்பந்தம் போடுவார்: 'ரெண்டு வாரம் தொடாம இரு. அப்புறம் வா, எப்படி இருந்துச்சுன்னு பேசுவோம்.' விட்ட ஒன்றிரண்டு நாளில் எரிச்சல் வரும், தூக்கம் போகும், பசிக்காது, கெட்ட கனவு வரும். முதல் வாரத்தில் இது உச்சத்தில் இருக்கும், ரெண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீண்டநாள் குடிகாரர் திடீரென்று நிறுத்தும்போது வரும் உயிராபத்து இதில் கிடையாது. இதற்கென்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையும் கிடையாது. பேச்சும் பழக்கவழக்க மாற்றமும்தான் சிகிச்சை. பீடியிலோ சிகரெட்டிலோ கலந்து பிடிப்பதால் புகையிலைக்கும் அடிமையாகியிருப்பான், அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கட்டம் வந்தால் டாக்டர் பையனிடமே கேட்பார்: 'அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா, ரெண்டு பேருமா சேர்ந்து சொல்லலாமா?' பெரும்பாலும் மூன்றாவதுதான் நடக்கும்.

காதில் யாரோ பேசுவது போலிருக்கிறது என்கிறானா? எல்லாரும் தன்னையே கவனிப்பதாகச் சந்தேகப்படுகிறானா? சாக வேண்டும் என்கிறானா? வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறானா? இதற்கு ரெண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. விழுப்புரத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம். ரெண்டு ஊரிலிருந்தும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர். இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு, சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பித்த டி.டி.கே. மருத்துவமனை போதை சிகிச்சைக்கென்றே இருக்கிறது. ஃபோனில் கேட்க 14446 என்ற இலவச எண், மனக்கஷ்டம் எதுவானாலும் 14416.

வெளியே காத்திருக்கிற நீங்கள்...

டாக்டர் ரூமிலிருந்து பையன் வந்ததும் 'என்னடா கேட்டாரு? நீ என்ன சொன்னே?' என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் குடையாதீர்கள். அடுத்த தடவை அவன் டாக்டரிடமும் பேச மாட்டான்.

மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்கி, அவனுக்குத் தெரியாமல் சிறுநீரைச் சோதிக்கும் வேலை வேண்டாம். டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்குவது. ஒரு தடவை பிடித்தவனுக்குச் சில நாளில் சுத்தமாகிவிடும். தினம் பிடித்தவன் நிறுத்தின பிறகும் வாரக்கணக்கில் காட்டும். நிறுத்தி மூணு வாரமாகக் கஷ்டப்படுகிற பையனை அந்தக் கிட்டை நம்பி அடித்தால் என்ன ஆகும், யோசியுங்கள்.

'மறுவாழ்வு மையம்' என்று போர்டு மாட்டின எந்த இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டு வராதீர்கள். 2017-ம் வருஷ மனநலச் சட்டப்படி அந்த இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதினெட்டு வயசு ஆகாத பிள்ளையைச் சேர்த்தால் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஆளோ கூடவே தங்க வேண்டும். 'ஒரு மாசம் பார்க்க வராதீங்க' என்று சொல்லும் இடமா? பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

'போலீஸ் கேஸ் ஆகிடுமோ?' இந்தப் பயத்தில்தான் பல பேர் டாக்டரிடமே போவதில்லை. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா பிடிப்பது குற்றம்தான். ஆறு மாசம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுசாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். பிள்ளைக்குப் பொட்டலம் கொடுத்தவனுக்கோ, 2015-ம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளையை விற்க அனுப்பினவனுக்கு 78-வது பிரிவில் அதே தண்டனை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மறுபடி வரச் சொல்லி டாக்டர் தேதி எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டில் வெறும் 'ரிவ்யூ' என்று மட்டும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மருந்துக் கடையிலும் பஸ்ஸிலும் பக்கத்து வீட்டிலும் அதைப் படிக்க நிறையக் கண்கள் இருக்கின்றன.